கரிசல் நாட்டில் வீட்டுச் சபை

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தெற்கிலிருந்தே தொடங்குவர். பனைகள் நிறைந்த செம்மணல் தேரி, அதன் நடுவே வெள்ளை ஆலயம், ஆலயத்தைச் சூழ்ந்து கிறிஸ்தவர் வாழும் ஊர் என்பதே நம் நினைவில் பதிந்துள்ள படம். மெய்ஞ்ஞானபுரத்தின் வானளாவிய கோபுரமும், 1847இல் தொடங்கப்பெற்று 1880இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற இடையன்குடி ஆலயமும் அப்படத்திற்கு அழகு சேர்ப்பன. ஆயினும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், சிவகாசி என விரியும் கரிசல் நாட்டிற்கு இப்படம் பொருந்தாது. அங்கே நம் சபைகள் பிறந்த இடம் கூடாரமும் வீட்டுத் திண்ணையுமாகும்.

இதற்கு மண்ணும் ஒரு காரணம். கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். அடித்தளத்தை ஆழத் தோண்டாமல் எழுப்பிய சுவர் சில ஆண்டுகளிலேயே விரிசல் காணும். எனவே உறுதியான கட்டடம் என்பது கரிசல் ஊர்களில் செல்வர்க்கே உரியதாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பவனும் அடிக்கு அடி மண்ணைச் சுமக்க வேண்டும். அந்த வாரங்களில் குருவானவர் வருவார் என்று எந்த ஊரும் எதிர்பார்க்க இயலாது. கூடிவந்தவர்கள் தாங்களே பாடி, தாங்களே ஜெபித்துக் கலைய வேண்டியதுதான். மண்ணே சபையின் இயல்பை முற்றும் முடிவு செய்தது என்பது நம் கருத்தன்று. ஆயினும் மண்ணை மறந்து எழுதப்படும் சபை வரலாறு கால் ஊன்றாத வரலாறாகவே இருக்கும்.

புரொட்டஸ்டாண்டார்க்கு முன்னரே இம்மண்ணில் கிறிஸ்தவர் இருந்தனர் என்பதையும் கூறிவிட வேண்டும். கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டி இயேசு சபைக் குருமாரின் பழமையான நிலையங்களுள் ஒன்று. வீரமாமுனிவர் ஊழியம் செய்த தலம் என்ற பெருமையும் அதற்கு உண்டு. அவ்வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது.

வீட்டில் கூடும் சபை நம் காலத்துப் புதுமை என எண்ணுவோர் உளர். ஆலயம் கட்டுவதற்கு வசதி வரும்வரை பொறுத்துக்கொள்ளும் தற்காலிக ஏற்பாடு என்று கருதுவோரும் உளர். புதிய ஏற்பாட்டை வாசிப்போர் இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ள இயலாது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் ஆகியோரின் வீட்டிலே கூடிய சபையைப் பவுல் உரோமருக்கும் கொரிந்தியருக்கும் எழுதிய நிருபங்களில் குறிப்பிடுகிறார். கொலோசெயர் நிருபத்தில் நிம்பா என்பவரின் வீட்டுச் சபை வாழ்த்துப் பெறுகிறது. பிலேமோனுக்கு எழுதிய சிறு கடிதம் அவனுடைய வீட்டிலுள்ள சபைக்கும் சேர்த்தே எழுதப்பட்டதாகும். பிலிப்பியில் லீதியாளின் வீடு, எருசலேமில் மாற்குவின் தாயாகிய மரியாளின் வீடு என இப்பட்டியல் நீளும். இவற்றுள் பெண்களின் பெயர்கள் இத்தனை வருவதை நம் விளக்கவுரையாளர்கள் நெடுங்காலம் கவனியாது விட்டது வியப்பே. ஐபிராத்து நதிக்கரையில் தூரா ஐரோப்போஸ் என்னும் அரண்நகரில் 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட சபைக் கட்டடமும் ஒரு சாதாரணக் குடியிருப்பு வீடே. ஏறத்தாழ கி.பி. 240இல் இரண்டு அறைகளுக்கிடையே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கி, மற்றோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி அமைத்து, சுவரில் நல்ல மேய்ப்பரின் சித்திரம் தீட்டியிருந்தனர். 256இல் அந்நகர் முற்றுகையில் வீழ்ந்தது.

ஆனால் வீடு என்பது வெறும் இடமன்று. வீட்டிற்கு ஒரு தலைவர் உண்டு. அவருக்குச் செல்வமும் குடும்பப் பெருமையும் உண்டு. கொரிந்து சபையில் கர்த்தருடைய பந்தி ஏன் பிளவுக்குக் காரணமாயிற்று என்பதைக் கெர்ட் தைசன் முதலிய அறிஞர் 1970களில் ஆராய்ந்து, அங்கே வசதியுள்ளோர் முன்னதாக வந்து நல்ல உணவை உண்டு முடித்ததும், நாள் முழுதும் உழைத்தோர் பிந்தி வந்து பசியோடிருந்ததும் வீட்டு விருந்தின் பழைய வழக்கத்தையே பின்பற்றியவை என விளக்கினர். பவுல் கண்டித்தது வீட்டில் கூடியதை அன்று; வீட்டின் ஏற்றத்தாழ்வு சபைக்குள் நுழைந்ததையே. கரிசல் நாட்டு வரலாற்றை ஆராய்கையில் இதனை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். ஏனெனில் நம் ஊர்களில் வீடு என்றால் தெரு. தெரு என்றால் சாதி.

திருநெல்வேலிச் சபையே ஒரு பெண்ணைச் சுற்றிக் கூடிய சிறு கூட்டமாகத்தான் தொடங்கிற்று. பாளையங்கோட்டையில் வாழ்ந்த பிராமண விதவை குளோரிந்தாள் 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. அவ்வம்மையாரின் முயற்சியால் எழுந்த சிற்றாலயம் 1785இலேயே பிரதிஷ்டையாயிற்று. அதாவது ஆலயத்திற்கு ஐந்து ஆண்டுகட்கு முன்னரே பெயர்ப் பதிவேடு கொண்ட சபை இருந்தது. பின்னர்த் தெற்கே நடந்தது வேறு. புதிதாய் விசுவாசித்தோர் தம் ஊர்களில் துன்புறுத்தப்பட்டபோது, 1799இல் முதலூர் என்னும் தனிக் கிறிஸ்தவக் குடியிருப்பு தோன்றியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் நிலம் வாங்கிக் கிறிஸ்தவ ஊர்களை அமைப்பதற்கென்றே 1830இல் தருமசங்கத்தை நிறுவினார். இவ்வூர்கள் ஏழைகளுக்குப் புகலிடமாயின என்பதை யாரும் மறுக்க இயலாது. ஆயினும் ஊரை விட்டு வெளியேறியே கிறிஸ்தவனாக வாழ இயலும் என்னும் எண்ணமும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது.

வடக்கே வேறு வழியை முயன்றவர் தாமஸ் காஜெட்டன் இராக்லண்டு. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் நான்காவது இடம் பெற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஆய்வுறுப்பினராய் இருந்தவர். 1846இல் சென்னைக்கு வந்து, சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராகப் பணியாற்றினார். அலுவலக மேசையைவிட்டு எழுந்து கரிசற்காட்டுக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளங்குருமாரை உடன்சேர்த்துக்கொண்டு 1854இல் வட திருநெல்வேலிச் சுற்றூழியத்தைத் தொடங்கினார். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை சிவகாசியும் சாத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தையே சேர்ந்திருந்தன என்பதை இன்றைய வாசகர் நினைவிற் கொள்க.

அவர் திட்டம் எளியது. பங்களாவும் மதிற்சுவரும் கொண்ட மிஷன் நிலையத்தை முதலில் கட்டுவதற்குப் பதில், கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் செல்லுதல். சென்ற ஊருக்கே மறுபடியும் மறுபடியும் செல்லுதல். இத்திட்டத்தில் நம் கவனத்திற்குரியது கூடாரம் அன்று; அதற்குள் இருந்தோர் யாவர் என்பதே. தென் திருநெல்வேலிச் சபைகள் தம் உபதேசிமாரை மாதந்தோறும் முறைவைத்து, தம் செலவிலேயே வடக்கே அனுப்பின. பனையேறியும் பயினி காய்ச்சியும் பிழைத்த ஏழைச் சபைகள் தாம் கண்டிராத ஊர்களுக்காகத் தம் உபதேசியாரை விட்டுக்கொடுத்தன. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியதை நம் சபையின் அருட்பணி உணர்வுக்குத் தொடக்கமாகக் கூறுவது வழக்கம். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கரிசல் நாடு அவ்வுணர்வின் பயிற்சிக்களமாயிருந்தது என்பது நம் துணிவு.

இராக்லண்டுடன் உழைத்த தமிழருள் டபிள்யூ.டி. சத்தியநாதன் குறிப்பிடத்தக்கவர். பாளையங்கோட்டைச் சி.எம்.எஸ். பள்ளியில் கண்பார்வையற்ற ஆசிரியர் குரூக்ஷாங்க்ஸிடம் பயின்று, 1847இல் கிறிஸ்துவை ஏற்றவர். பின்னர்க் குருப்பட்டம் பெற்று 1860களில் சென்னைக்குச் சென்றார். அவர் மனைவி அன்னாள் அம்மையார், தமிழ்க் குருமாருள் முன்னோடியான ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். சென்னையில் வீடு வீடாகச் சென்று பெண்களுக்குக் கல்வியும் வேதமும் கற்பிக்கும் பணியைத் தொடங்கியவர்களுள் அவர் முதன்மையானவர். வெளியே வர இயலாத பெண்களைத் தேடி வீட்டிற்குள் செல்லும் ஊழியத்தின் முக்கியத்துவத்தை இப்பகுதியின் வரலாற்றில் பின்னர்க் காண்போம்.

இராக்லண்டு 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் காலமானார். வயது நாற்பத்து மூன்று. அவர் வாழ்ந்தவரை ஞானஸ்நானம் பெற்றோர் சிலரே. அவரைப் பற்றி எழுதியோர் இதைச் சொல்லி வருந்துவதுண்டு. எண்ணிக்கையைக் கொண்டே ஊழியத்தை அளக்கும் பழக்கம் நம்மிடையே அப்போதே இருந்திருக்கிறது. சிவகாசிக்கு அண்மையில் சாட்சியாபுரம் நிலையமாக வளர்ந்தது. பங்களாவும் பள்ளிகளும் வந்தன. கூடாரம் இறுதியில் கட்டடமாயிற்று. ஆனால் சாட்சியாபுரத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் சபை இன்னும் வீட்டிலேதான் கூடிற்று.

அக்கூடுகை எத்தகையது? பகலெல்லாம் பருத்திக் காட்டிலும் கம்மங்கொல்லையிலும் உழைத்துத் திரும்பியோர் விளக்கு வைத்தபின் ஒன்றுசேர்வர். பெரும்பாலோர்க்கு எழுத்து தெரியாது. கர்த்தருடைய ஜெபம், விசுவாசப்பிரமாணம், பத்துக் கற்பனைகள் ஆகியவற்றை உபதேசியார் சொற்றொடர் சொற்றொடராகச் சொல்ல, மற்றோர் திருப்பிச் சொல்வர். அதுவே அவர்தம் வேதபாடசாலை. பிறகு வேதவாசிப்பு, விளக்கம், கேள்விகள், ஜெபம். பாட்டில் மட்டும் உபதேசியார்க்கும் மற்றவர்க்கும் வேறுபாடு இல்லை. மேனாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டைப் புத்தகமின்றிப் பாடுதல் அரிது. ஆனால் கீர்த்தனைக்குப் பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுத்தாற் போதும், மற்றவர் பின்தொடர்வர். நம் கீர்த்தனைகள் ஆலயத்தில் ஏற்றுக்கொள்ளப்பட நெடுங்காலம் ஆனதற்கும், வீட்டுக் கூட்டங்களில் அவை என்றுமே அரசோச்சியதற்கும் காரணம் இதுவே என எண்ணுகிறோம். அடுப்பேற்றுமுன் ஒரு பிடி தானியத்தைத் தேவனுக்கென எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையும் வீட்டு வழிபாட்டின் கனியே. அரிசி அரிதாயிருந்த கரிசலில் அது கம்பாகவும் சோளமாகவும் வந்திருத்தல் இயல்பு. காணிக்கைப் பெட்டி ஆலய வாசலில் அன்றி அடுப்பங்கரையில் இருந்தது. அதனை நிரப்பியவர் பெண்கள்.

மற்றொன்றும் உண்டு. கரிசல் ஊர்களில் தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்ட குடிகள் பலர். நாயக்கர், ரெட்டியார் குடும்பங்களில் மட்டுமன்று, அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றிலும் தாலாட்டும் சண்டையும் தெலுங்கில்தான். ஜெபம் மட்டும் தமிழில். வீட்டில் கூடிய சபையிலேயே வீட்டு மொழிக்கு இடமில்லாதது ஏன் என்று நம் முன்னோர் கேட்டதாகத் தெரியவில்லை. இக்கேள்வி இன்றும் கேட்கப்படலாம்.

தாது வருடப் பஞ்சம் இவ்வனைத்தையும் கலக்கிற்று. 1876 முதல் 1878வரை தென்னிந்தியாவை வாட்டிய அப்பஞ்சத்தில் வானம் பார்த்த கரிசற்பூமி பெரிதும் துன்புற்றது. நிவாரணப் பணி நடந்த ஊர்களில் பல்லாயிரவர் திருச்சபையை நாடி வந்தனர். 1877இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற கால்டுவெலும் சார்ஜெண்டும் இத்திரளைக் கண்டு மகிழ்ந்தனர், தயங்கவும் செய்தனர். வயிற்றுக்காக வந்தவர் என்ற ஏளனம் அன்று எழுந்தது; இன்றும் எழுகிறது. பஞ்சம் நீங்கியபின் திரும்பிச் சென்றோர் பலர் என்பது உண்மை. நிலைத்தோரும் பலர் என்பது அதனினும் பெரிய உண்மை. அத்தனை ஊர்களுக்குக் குருமாரும் இல்லை, கட்டடங்களும் இல்லை. உபதேசியார் ஒருவர் பல ஊர்களைச் சுமந்தார். திருவிருந்தோ ஐயர் வரும் நாளில் மட்டுமே. இதன் விளைவை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. வசனமும் பாட்டும் வீட்டிற்குரியவை, அப்பமும் இரசமும் ஆலயத்திற்குரியவை என்னும் பிரிவினை இவ்வாறே நம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றிற்று. ஆதிச்சபை வீட்டில் செய்ததாக அப்போஸ்தலர் நடபடிகள் முதன்மையாகக் கூறுவது அப்பம் பிட்குதலையே அன்றோ?

இனிச் சாதியைப் பற்றிப் பேசாமல் மேற்செல்ல இயலாது. பேராயர் டானியேல் வில்சன் 1833இல் விடுத்த சுற்றுமடலில், சபைக்குள் சாதி வேறுபாடு தாமதமின்றி முற்றாக அகற்றப்பட வேண்டும் எனக் கட்டளையிட்டார். தஞ்சையிலும் சென்னையிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. தனித்தனி இடங்களில் அமர்தலும், பாத்திரத்தை யார் முதலில் பெறுவது என்னும் வழக்கும் அப்போராட்டத்தின் பொருள்கள். ஆலயத்தில் நடந்ததால் அது கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றுமடலால் தொட முடிந்தது. வீட்டுச் சபையில் இவ்வழக்கே எழவில்லை. நாடார் தெருவிலுள்ள வீட்டில் நாடார் கூடினர். இன்று தேவேந்திரகுல வேளாளர் என அரசு ஆவணங்களில் குறிக்கப்படும் மக்கள் தம் தெருவில் கூடினர். பறையரும் அருந்ததியரும் தத்தம் குடியிருப்புகளில் கூடினர். யாரும் யாரையும் விலக்கவில்லை, ஏனெனில் யாரும் யாருடைய வாசலுக்கும் செல்லவில்லை. வழக்கு இன்மையை ஒற்றுமை என நம் அறிக்கைகள் எழுதிக்கொண்டன. கரிசல் ஊரின் சிற்றாலயத்தைப் பழுது பார்க்கப் பணம் கேட்டு வருவோரைக் கண்டு, கட்டடப் பித்து என நகைக்கும் நண்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: எவருடைய வீடும் அல்லாத ஓர் இடம் ஊருக்கு வேண்டும். அங்கேதான் தெற்குத் தெருக்காரரும் வடக்குத் தெருக்காரரும் ஒரே பாயில் அமரும் நிலை, குறைந்தது ஒரு கேள்வியாகவேனும், எழுகிறது.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் 1950இல் வெளிவந்த திருவிருந்து ஒழுங்கு இக்கேள்விக்குத் தன் வழியில் விடையளித்தது. பழங்காலத்துச் சமாதான வாழ்த்தை அது மீட்டுக் கொண்டுவந்தது. பந்தியிலிருந்து புறப்படும் சமாதானம், ஒருவர் கையை மற்றவர் தம் இரு கைகளுக்கிடையே ஏற்க, வரிசை வரிசையாகச் செல்லுகிறது. மேனாட்டு வழிபாட்டறிஞர் இதனைப் பழமையின் அழகிய மீட்பு எனப் பாராட்டினர். தீண்டாமை நிலவிய ஊரில் அது அழகு மட்டுமன்று. எவர் கை எவர் கையைத் தொடுகிறது என்பதை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுச் சபைகளில் இவ்வொழுங்கு பயன்படுத்தப்பட்டபோது, எல்லாரும் உறவினராகவே இருந்தமையால், அதன் கூர்மை மழுங்கிப்போயிற்று.

கரிசலின் வட எல்லையில் அமெரிக்க மதுரை மிஷனின் மண்டபசாலை, அருப்புக்கோட்டைப் பகுதிகள் உள்ளன. 1947 முதல் 1959வரை மதுரை-இராமநாதபுரம் பேராயராயிருந்த லெஸ்லி நியூபிகின் இவ்வூர்ச் சபைகளை நன்கறிந்தவர். 1951இல் அவர் வெளியிட்ட தென்னிந்திய நாட்குறிப்பு நூலில் இத்தகைய ஊர்ச் சபைகளுக்கு அவர் சென்று வந்த பயணங்களின் விவரிப்பைக் காணலாம். சம்பளம் பெறும் ஊழியரை மட்டுமே நம்பியிராமல், ஊரிலேயே உழவும் கூலியும் செய்வோரிடமிருந்து தலைவர்கள் எழும்ப வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. ரோலண்ட் ஆலன் 1912இலேயே பவுலின் முறைகளைப் பற்றி எழுதிய நூலின் தாக்கம் இதில் தெரிகிறது. 1953இல் நியூபிகின் சபையின் தன்மையைக் குறித்து எழுதிய புகழ்பெற்ற நூலுக்குத் தேவனுடைய வீட்டார் எனப் பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். அந்நூலின் வாதங்கள் மேனாட்டுச் சபைப் பிரிவுகளைப் பற்றியவை எனினும், பாயில் அமர்ந்து கூடிய தமிழ் ஊர்ச் சபைகளின் நிழல் அதன்மேல் படிந்துள்ளதை நம் வாசகர் உணர்வர்.

இப்போது சிவகாசிக்குத் திரும்புவோம். அங்கே வணிகக் குடும்பங்கள் சிலவற்றில், இந்துக் குடும்பத்து மகளிராகவும் மருமகளிராகவும் வாழ்ந்துகொண்டே, ஞானஸ்நானம் பெறாமல் இயேசுவை வழிபடும் பெண்களின் கூட்டம் பல தலைமுறைகளாக இருந்து வந்துள்ளது. மிஷனெரி அம்மையாரும் வேதாகமப் பெண்களும் வீடு வீடாகச் சென்று கற்பித்த ஊழியத்தின் விளைவு இது. இரகசியக் கிறிஸ்தவர் என்று இவர்களைக் குறிப்பிட்டு, எலிசா கென்ட் என்னும் அமெரிக்க அறிஞர் 2011இல் விரிவான ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். இராக்லண்டு கூடாரம் அடித்த ஊரில், எண்ணிக்கையில் ஏறாத சபை ஒன்று அடுப்பங்கரைகளில் வளர்ந்தது எனலாம்.

இவர்கள் சபையா? இவ்வினா நமக்குப் புதிதன்று. 1970களின் தொடக்கத்தில் எம்.எம். தாமஸும் நியூபிகினும் இதுபற்றி எழுத்தில் வாதிட்டனர். கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஐக்கியம் இந்துச் சமுதாயத்திற்குள்ளேயே உருவாக இடமுண்டு என்றார் தாமஸ். கண்ணால் காணத்தக்க ஓர் ஐக்கியத்தைச் சேராத விசுவாசம் நிலைக்காது, அவ்வைக்கியம் தனக்கென ஒரு சமூக உருவைப் பெற்றே தீரும் என்றார் நியூபிகின். ஹெர்பெர்ட் ஹோஃபர் 1991இல் வெளியிட்ட ஆய்வு நூல், தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகள் நாம் எண்ணியதைவிட மிகப் பலர் என எடுத்துக்காட்டிற்று. இவ்வாதங்களில் ஆண்களின் குரலே மிகுதி. ஞானஸ்நானம் பெற்றால் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒருங்கே கைவிடும், பிள்ளைகளைப் பிரிய நேரிடும் என்னும் நிலையிலுள்ள பெண்ணிடம் கண்காணும் ஐக்கியத்தைப் பற்றிப் போதிப்பது எளிது. அவளுக்குத் தங்க ஓர் அறை தருவது எளிதன்று. அவளை ஏற்கத் துணியாத சபை அவளுடைய இரகசியத்தைக் குறைகூறத் தகுதியற்றது என்பது நம் கருத்து. அதே வேளையில், தனித்தனி வீடுகளில் ஒளிந்து ஜெபிக்கும் பெண்கள் ஒருவரையொருவர் தேடிக் கூடியதையும் காண்கிறோம். விசுவாசம் ஐக்கியத்தை நாடும் என்ற அளவில் நியூபிகின் கூறியது அவர்கள் வாழ்விலேயே மெய்யாயிற்று. அப்பந்தியில் அவர்களுக்கு அப்பம் இல்லை என்பதே நம்மை உறுத்த வேண்டியது.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக் கூடுகைகள் புது வேகம் பெற்றன. 1920களில் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபை தன் ஊழியர் கூடிவாழும் விசுவாச வீடுகளை மையமாகக் கொண்டு தமிழ்நாட்டில் பரவியது. 1941இல் சென்னையில் பக்த்சிங் தொடங்கிய கூடுகைகளும் வீட்டு ஜெபத்திற்குப் பேரிடம் அளித்தன. 1950களின் இறுதியில் திருநெல்வேலிப் பகுதி இளைஞரிடையே எழுந்த நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, வீடுகளில் கூடும் சிறு குழுக்களின் ஜெபத்தாலும் காணிக்கையாலும் வட இந்தியாவுக்கு ஊழியரை அனுப்பலாயிற்று. இராக்லண்டின் நாளில் தென் சபைகள் செய்ததையே இவர்கள் வேறு தொலைவுக்குச் செய்தனர்.

கோவில்பட்டி நகரில் இதற்குத் தனி உருவம் உண்டு. 1876ஐ ஒட்டி வந்த இருப்புப்பாதையும், பின் வந்த பஞ்சாலைகளும் தீப்பெட்டித் தொழிலும் சுற்றூர் மக்களை நகருக்கு இழுத்தன. குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் வந்த குடும்பங்கள் தம் ஊர்த் தெருவை விட்டு, முன்பின் அறியாதோர் நடுவே வாடகை வீடுகளில் குடியேறின. பெட்டி ஒட்டும் வேலை வீட்டிற்குள்ளேயே நடந்தமையால், பசைக் கிண்ணமும் தாள்கட்டும் நிறைந்த அதே கூடத்தை மாலையில் பெருக்கி, பாய் விரித்து, ஜெபக்கூட்டம் நடத்துவர். அக்கம்பக்கத்தார் யாரென்று விசாரிக்குமுன் பாட்டு தொடங்கிவிடும். மூன்று ஊர்களிலிருந்து, மூன்று தெருக்களிலிருந்து வந்த பெண்கள் ஒரே சொம்பில் தண்ணீர் அருந்துவதை இத்தகைய கூட்டங்களில் காணலாம். பழைய ஊர்ச் சபைகள் நூறாண்டில் எட்டாததை வாடகை வீடு சில மாதங்களில் எட்டியிருக்கிறது.

எனினும் அவர்கள் இவ்வீடுகளில் கர்த்தருடைய பந்தியில் சேர்வதில்லை. திருமணப் பேச்சு எழும்போது அவரவர் ஊருக்கும் தெருவுக்கும் திரும்புகின்றனர். குருவானவரோ தம் சேகரத்து ஊர்களை ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகச் சுற்றிவருகிறார். அவர் வரும் நாளில் திருவிருந்துப் பாத்திரங்கள் பெட்டியில் வருகின்றன. ஆராதனை முடிந்ததும் பெட்டி மூடப்பட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறது. கார்த்திகை மழையில் இன்றும் சில ஊர்களுக்குப் பெட்டி பிந்தித்தான் வந்து சேருகிறது.